கதவுக்கு அப்பால் இருப்பதைச் சொல்ல மாட்டேன்

கோதண்டபாணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒரு கிறுக்கு பிடித்தது. எழுத்து விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது. திரையில் கதை வரும். 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்று நாம் டைப் செய்தால் மேலே நகரும். மயிலாப்பூரில் ஓர் இன்சூரன்ஸ் கிளையில் வேலை. வீட்டுக்கு வந்துவிட்டால் மனிதர் இதில்தான் விழுந்து கிடப்பார். "ஆத்துல மனுஷா இருக்கறதே உங்களுக்கு மறந்துபோயிடறது" என்பாள் மனைவி சாருலதா.

விளையாடுவதோடு விட்டாரா? வாராவாரம் இணையத்தில் விமர்சனமும் எழுதினார். தமிழில் இப்படி விளையாட்டு செய்கிறவர்களே விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். விமர்சிக்க இவர் ஒருவர்தான். அதனால் இவர் சொன்னதே சட்டம். எந்த விளையாட்டிலும் யாரிடமும் குறிப்பு கேட்டதில்லை என்ற பெருமை வேறு.

அடையாறில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் மஹ்விஷ் தன் முதல் விளையாட்டை அனுப்பியிருந்தாள். ஒரு பழைய வீடு; அறை அறையாகப் போக வேண்டும். கடைசி அறையின் கதவு மட்டும் திறக்கவில்லை. திற, தள்ளு, தட்டு, உடை, எல்லாம் போட்டுப் பார்த்தார். மசியவில்லை. அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் மானம் போய்விடுமே.

விமர்சகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முடிவை வெளியே சொல்லக் கூடாது, விளையாடுகிறவர்களுக்கு ருசி கெட்டுவிடும். நல்ல வழக்கம்தான். நம்ம ஆள் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். 'கதவுக்கு அப்பால் இருப்பதைச் சொல்ல மாட்டேன். என் கண் கலங்கியது என்பதை மட்டும் சொல்கிறேன்' என்று எழுதிப் போட்டார். அப்போது கொஞ்சமும் உறுத்தவில்லை. நல்ல வாக்கியம் என்றுகூடத் தோன்றியது.

சில வாரம் கழித்து, நேரில் பார்க்க வேண்டும் என்றாள் மஹ்விஷ். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு லஸ்ஸில் ஒரு ஹோட்டலுக்குப் போனார்.

"சார், நீங்க எழுதினதை நம்பித்தான் இந்த கேமை ஒரு போட்டிக்கு அனுப்புனேன்" என்றாள் அவள். "ஜட்ஜுங்க எல்லாரும் கடைசிக் கதவு தொறக்கலன்றாங்க. நேத்து நானே போட்டுப் பார்த்தேன், எனக்கும் தொறக்கல. உங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு மாத்தம் பண்ணேன், அதுல கெட்டுப்போச்சு போல. ஆனா உங்களுக்குத் தொறந்துச்சே. என்னா டைப் பண்ணீங்கன்னு மட்டும் சொல்லுங்க. இன்னிக்குள்ள காட்டலன்னா போட்டியிலேர்ந்து எடுத்துடுவாங்க."

காபி டம்ளரைக் கீழே வைத்தார். "சரியா ஞாபகம் இல்லேம்மா" என்றார்.

"நிதானமா யோசிங்க சார். 'கோதண்டபாணி சாரு குறிப்பே கேக்காம தொறந்துட்டாரு, உங்களுக்குத்தான் விளையாடத் தெரியல'ன்னு அவங்களோட சண்டையே போட்டுட்டு வந்திருக்கேன்."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஏதாவது இரண்டு வார்த்தை தட்டிவிட்டு, என் கம்ப்யூட்டரில் திறந்ததே என்று சாதித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அந்த வயதிலும் யோசித்தார் என்பதுதான் வெட்கக்கேடு. அவள் முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"நான் தொறக்கலேம்மா. உள்ளயே போகல."

"கண்ணு கலங்குச்சுன்னு எழுதினீங்களே சார்?"

"சும்மா எழுதினேன்."

நாலு பேர் பார்க்கத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மஹ்விஷ் திட்டவில்லை. லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள்.

"போட்டி போனா போவட்டும் சார். போன வருஷம் எங்கம்மா தவறிட்டாங்க. அவங்களைத்தான் அந்த ரூம்ல உக்கார வெச்சிருந்தேன். நீங்க ஒருத்தராவது பார்த்துட்டீங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அவள் எழுந்து போன பிறகும் கோதண்டபாணி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். செத்துப்போனவளைப் பார்த்து அழுதேன் என்று அவள் மகளிடமே பொய் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.