கொலரில் இருந்த வெ 9

தான் கொடுத்த சட்டையை, கொடுத்தேன் என்று சொல்லப் பயந்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். கொடுக்கும்போது அவருக்குப் பயம் இல்லை. அவருடைய மாதா கோயிலில் பூசை முடிந்ததும் தர்மம் செய்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். இவர் எழுந்து நின்று தலையை அசைப்பார். யுத்த காலத்தில் நடந்த விஷயம் இது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லோண்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். குடியிருந்தது கொட்டாஞ்சேனையில். வீடுவீடாகப் போய்த் துணி எடுப்பதும், கொலரின் உட்பக்கத்தில் அழியாத மையால் குறி போடுவதும், தேய்த்த பிறகு திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. 'வெ' என்றால் வெள்ளவத்தை. பக்கத்தில், அந்த வீட்டுக்கு நாங்கள் வைத்த இலக்கம். நான் சொல்லும் மனிதரின் வீடு வெ 9. பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஒரு மாதா கோயில் மண்டபத்துக்குப் போவேன். நான் சைவக்காரன், அங்கே அதை யாரும் கேட்கவில்லை. வவுனியாப் பக்கம் காட்டோரத்தில் இருந்த ஒரு மிஷனுக்கு அங்கே உடுப்புச் சேர்த்தார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்கள் அந்த மிஷன் வளவில் கொட்டில் போட்டு இருந்தன. மாதம் ஒரு தடவை மிஷன் பாதர் லொறியோடு வருவார். தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும் போலிருக்கும் சேலைகளையும் தர்மம் என்று தந்தவர்கள் இருந்தார்கள். வெ 9 வீட்டுக்காரர் நல்ல சட்டைகள்தான் தந்தார். துணிகளைப் பிரித்து, மடித்து, கட்டாகக் கட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. யாரோடும் கதைக்கத் தேவையில்லாத வேலை. ஆட்களுக்கு முன்னால் எனக்கு நாக்கு எழாது.

ஒருமுறை மிஷன் வளவில் இருந்த ஒருவர், காய்ச்சல் முற்றிய தன் மகளைப் பாதரின் லொறியில் கொண்டுவந்து பொரளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிள்ளைக்கு ஐந்து வயது. கொழும்புக்கு வர ஆமி கொடுக்கும் பாஸ் தாய்க்குக் கிடைக்கவில்லை. மறுநாள் காலை பிள்ளைக்குப் பால்மா வாங்க வெளியே போனவரைப் பொலிஸார் மறித்தார்கள். அவருடைய பாஸ் சரியாக இருந்தது. ஆனால் கொலரைத் திருப்பிப் பார்த்தபோது வெ 9 இருந்தது. இயக்கத்தில் ஆட்களுக்கு இலக்கம் கொடுப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இது என்ன இலக்கம் என்று கேட்டார்கள். அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? மிஷனில் கொடுத்தார்கள், போட்டுக்கொண்டார். தெரியாது, தெரியாது என்று சொல்லச் சொல்லச் சந்தேகம் கூடியது. உள்ளே வைத்துவிட்டார்கள்.

அன்று ஞாயிறு. பாதர் பொலிஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுக் கடதாசியோடு மண்டபத்துக்கு வந்தார்.

"இது என்ன எழுத்தெண்டு ஆருக்கும் விளங்குதோ?"

எட்டிப் பார்த்தேன். வெ 9. "பாதர், அது நான் போட்டதுங்க."

"நீர் போட்டதோ? என்ன தம்பி சொல்லுறீர்?"

"லோண்டரிக் குறிங்க. வெள்ளவத்தையில ஒம்பதாவது வீடு."

பாதர் சிரித்துவிட்டார். பிறகு நெற்றியில் கையை வைத்தார். "லோண்டரி நம்பருக்கு ஒரு மனுசனை அடைச்சு வைச்சிருக்கிறாங்கள். அங்க பிள்ளை அப்பா, அப்பா எண்டு தொண்டை கிழியக் கத்துது."

இரண்டு பேரும் நேரே வெ 9 வீட்டுக்குப் போனோம். பாதர் நடந்ததைச் சொன்னார். "நீங்கள் வந்து, இது நான் மிஷனுக்குக் குடுத்த சேட்டு எண்டு ஒரு வார்த்தை சொன்னாக் காணும்."

"பாதர், நான் பென்ஷன்காரன். என்னை ஏன் உதுக்குள்ள இழுக்கிறியள்?" என்றார் அவர். "எனக்கு எத்தினை சேட்டு. குடுத்தனானோ இல்லையோ, ஆருக்கு ஞாபகம்?"

"நான்தாங்க ஐயா கட்டுனேன். நீலக் கோடு போட்ட..." என்று தொடங்கினேன்.

"நீ வாயை மூடு. உடுப்பு மடிக்கிறவனுக்கு உதில என்ன கதை?"

உள்ளேயிருந்து அவர் மனைவி, "பாதர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றார். பாதர் எழுந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. லோண்டரிச் சாவி என்னிடம் இருந்தது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய வெ 9 பொதி தேய்த்துத் தயாராக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பாதரோடு பொலிஸுக்குப் போனேன்.

"மேக்க மகே அக்குரு, மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னேன். இது என் எழுத்து, ஐயா.

அதிகாரி ஒரு கடதாசியில் என்னை மூன்று தடவை வெ 9 எழுத வைத்தார். பிறகு பொதியை அவிழ்த்தார். ஐந்து சட்டை, இரண்டு சாரம், ஓரத்தில் பூ வேலை செய்த தலையணை உறை. எல்லாவற்றிலும் வெ 9. தலையணை உறையைத் தூக்கிப் பிடித்து, "இதுவும் இயக்கத்தில் இருக்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு வெ 9 வீட்டுக்கு டெலிபோன் எடுத்தார். சில நிமிடம்தான் பேசினார். வைத்துவிட்டு எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நல்ல மனுசன். தானே மிஷனுக்குக் கொடுத்த சட்டையாம். ஏழைகளுக்கு நிறையச் செய்கிறவராம்."

பாதர் என்னைப் பார்த்தார். நான் பொதியைத் திரும்பக் கட்டினேன்.

அன்று பின்னேரமே அந்த மனிதரை விட்டார்கள். நீலக் கோட்டுச் சட்டையைப் பொலிஸில் வைத்துக்கொண்டதால் வெறும் மேலோடு வந்தார். பொதியிலிருந்து ஒரு சட்டையை நீட்டினேன். முதலில் கொலரைத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயோ, இது வேண்டாம் தம்பி. திரும்பவும் பிடிப்பாங்கள்."

என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு பொரளைக்கு ஓடினார். பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், தகப்பன் வந்தால்தான் வாய் திறப்பேன் என்று கிடந்ததாகப் பிறகு பாதர் சொன்னார்.

இத்தோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். அடுத்த மாதம் வெ 9 வீட்டிலிருந்து மண்டபத்துக்கு மறுபடியும் ஒரு கட்டு வந்தது. ஏழு சட்டைகள். ஒவ்வொன்றிலும் குறி இருந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்கள். கொலரில் சதுரம் சதுரமாக ஓட்டை. அவற்றை மிஷனுக்குப் போகும் துணிகளோடு சேர்க்க எனக்குக் கை வரவில்லை.

பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்த அவர் மனைவி, "இண்டைக்கு உடுப்புத் தாற நாள் இல்லையே?" என்றார்.

"இது ஐயா மிஷனுக்கு அனுப்புனதுங்க அம்மா. அங்க இருக்கவங்களுக்கும் கழுத்து இருக்குங்க."

உள்ளே அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் இறங்கவில்லை. கட்டை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரமே அவர் லோண்டரியை மாற்றிக்கொண்டார். நல்ல வாடிக்கையை இழந்தோம் என்று முதலாளி இரண்டு நாள் என்னை ஏசினார். ஒன்பதாம் இலக்கத்தைப் புது வீடு ஒன்றுக்குக் கொடுக்கச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. நான் அங்கே வேலை செய்தவரை வெ 8க்கு அடுத்தது வெ 10தான்.