தங்கராஜுவின் ரசமட்டம்

மலாயாவில் காஹாங் ரப்பர் தோட்டத்துத் தச்சன் தங்கராஜு பசியைக்கூடப் பொறுத்துக்கொள்வான். பக்கத்து வீட்டு ஐயாசாமி நல்ல பேர் வாங்கினால் மட்டும் பொறுக்கமாட்டான். ஐயாசாமியும் தச்சன். அதுதான் வயிற்றெரிச்சல். ஐயாசாமி செய்த கதவைப் பார்த்தால், "கதவா அது? கோழிக்கூட்டு மூடி!" என்பான். அப்படிப்பட்டவன் கண்ணெதிரே ஐயாசாமி, குளுவாங் டவுன் சீனனிடம் வாங்கிய பழைய ரம்ப மேசையை லாரியில் கொண்டுவந்து இறக்கினால் எப்படி இருக்கும்? நடுவில் வட்ட ரம்பம், பக்கத்தில் எண்ணெய் எஞ்சின், இரண்டுக்கும் ஒரு தோல் வார். தோட்டமே திரண்டு பார்த்தது. தங்கராஜுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அதோடு விட்டதா? மாரியம்மன் கோயிலுக்குப் புதுக் கதவு போட வேண்டும். விஜயதசமியன்று வந்து, வேலை யாருக்கென்று சொல்வதாகக் கங்காணி சொல்லியிருந்தார். அந்தக் கதவு தன் கையால்தான் ஆக வேண்டும் என்று தங்கராஜு வருடக்கணக்காக ஏங்கிக்கொண்டிருந்தான்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் ஐயாசாமியே வந்து நின்றான்.

"அண்ணே, ரசமட்டம் உங்ககிட்டதான் இருக்கு. கொட்டகைத் தரை மேடும் பள்ளமுமா கெடக்குது. மேசையை மட்டம் பண்ணிக் குடுங்களேன்."

மாட்டேன் என்றால் பொறாமை வெளியே தெரிந்துவிடுமே! போனான். ரசமட்டத்தின் கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவில் நிற்கும்வரை, ஒவ்வொரு காலுக்கும் கனம் பார்த்து ஆப்பு செதுக்கி அடியில் கொடுத்தான். மனசு கோணல்தான், வேலையில் கோணல் கிடையாது. மேசை அசையாமல் நின்றது.

மறுநாள் வேலியோரம் நின்றவன் கண்ணில் அது பட்டது. ஐயாசாமி மனைவி வெள்ளையம்மா, பூசைக்காகக் கொட்டகையை மெழுகிக்கொண்டிருந்தாள். மேசைக் கால்களை ஒவ்வொன்றாகக் கடப்பாறையால் நெம்பி, ஆப்புகளை உருவிக் கழுவி, மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்து, கைக்கு வந்தபடி மாற்றிச் செருகினாள். மேசை ஆடினால் வார் தெறிக்கும், பலகை எகிறி ஆளை அடிக்கும். தங்கராஜுவுக்குத் தெரியாதா என்ன? வாயைத் திறக்கவில்லை. படட்டும், கங்காணி முன்னால் மானம் போகட்டும் என்றே நினைத்தான், பாவி!

விஜயதசமி காலை. ஐயாசாமியின் கொட்டகைக்குக் கங்காணி வந்தாயிற்று; தங்கராஜுவும் வந்து நின்றான். ஐயாசாமி மெரந்தி மரப் பலகை ஒன்றைத் தங்கராஜுவிடம் நீட்டினான்.

"மட்டம் வச்ச கை, அண்ணே. மொதப் பலகைய நீங்கதான் தள்ளணும்."

"எ... எதுக்கும் இன்னொரு தடவ பாத்துக்கலாம்" என்று தங்கராஜு கையோடு கொண்டுவந்த ரசமட்டத்தை மேசைமேல் வைத்தான். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

"நீ வச்ச மட்டம் இதானா? நீயெல்லாம் கோயில் கதவு செய்யப்போறியா?" என்றார் கங்காணி.

வெள்ளையம்மா பதறிப்போனாள். "ஐயோ, அண்ணனைக் குத்தம் சொல்லாதீங்க! நேத்து மெழுகறப்ப நாந்தான் ஆப்பையெல்லாம் எடுத்துப் பொட்டு வச்சுச் செருகுனேன். அண்ணன்கூட வேலியோரம் பாத்துக்கிட்டுத்தானே நின்னாரு? மாறியிருந்தா சொல்லியிருக்க மாட்டாரா?"

ஐயாசாமி பலகையை மெல்லக் கீழே வைத்தான்.

"நான் தள்ளியிருந்தா, அப்பவும் பாத்துக்கிட்டே நின்னிருப்பீங்களாண்ணே?"

தங்கராஜு வீட்டுக்கு நடந்தான். கோயில் கதவை ஐயாசாமிதான் செய்தான். மேசையில் விட்டுவந்த ரசமட்டத்தைத் தங்கராஜு கடைசிவரை போய்க் கேட்கவில்லை.