பூட்ஸுக்குள் மெட்டி

குளிரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்ற எண்ணத்தோடுதான் காஷ்மீருக்குக் கிளம்பினேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், உணவை உறையவைத்துப் பொட்டலம் போடும் ஓர் ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் குளிர் அறையில் எப்போதும் மைனஸ் பதினெட்டு. தடித்த கோட்டும் ரப்பர் கம்பூட்ஸும் மாட்டிக்கொண்டு உள்ளே போய், பெட்டிக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்துவிட்டு வெளியே வருவது என் அன்றாட வேலை. மார்கழி பிறந்தால் குல்லா போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிற ஊர் தாம்பரம். எங்கள் தெருவில் மைனஸ் பதினெட்டுக்குள் போய் வந்தவள் நான் ஒருத்திதான்.

அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். அம்மா அஸ்தினாபுரத்தில் வீட்டு வேலை செய்தாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் போய் உட்கார்ந்தவள் நான். மருந்துச் சீட்டோ மின்சார ரசீதோ, சின்ன வயதிலிருந்தே நான்தான் படித்துச் சொல்வேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் நம்புகிற வீட்டில் வளர்ந்தவளுக்குத் தன்மேல் நம்பிக்கை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

பனிச்சறுக்கு ஆசை கல்யாணத்துக்கு முன்பே வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் போனில் ஒரு பெண் மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கி வருவதைப் பார்த்தேன். நான் பார்த்த குளிரெல்லாம் பெட்டிகளை அடுக்கிவைத்த குளிர். அந்தப் பெண்ணோ குளிருக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசச் சொல்லி எங்களை மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். முதலில் இதைத்தான் சொன்னேன்.

"எனக்கு ஒரு தடவை பனியில சறுக்கணும்."

"சறுக்குனா வுழுந்துடுவாங்களே," என்றார் அவர்.

திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர், ஐ.டி.ஐ. படித்தவர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சம்மதம் என்று கீழே வந்து சொன்னேன்.

ஆவணியில் கல்யாணம். தையில் இரண்டு பேரும் விடுப்பு எடுத்துக்கொண்டு குல்மார்க்கில் மூன்று நாள் சறுக்கு வகுப்புக்குப் பதிவு செய்தோம். கிளம்பும்போது மாமியார் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று.

"கழுத்துல கீறதும் கால்ல கீறதும் அப்டியே கீட்டும். எதுக்காவவும் கழட்டிடாத. கல்யாணமாயி இன்னும் வருசங்கூட ஆவல."

எனக்கு அதில் மறுப்பு இல்லை. எங்கள் ஆலையிலும் கம்மல், வளையல், மோதிரம் எல்லாம் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். தாலிக்கும் மெட்டிக்கும் மட்டும் விலக்கு. மாதக்கணக்கில் மெட்டியோடுதான் குளிர் அறைக்குள் போய் வருகிறேன். ஒன்றும் ஆனதில்லை.

குல்மார்க்கில் வண்டியை விட்டு இறங்கி முதல் மூச்சு இழுத்ததும் மூக்குக்குள் இருக்கும் முடியெல்லாம் விறைத்துக்கொண்டது. வாயைத் திறந்தால் பல் கூசியது. இந்தக் குளிருக்குக் காற்று இருந்தது. காலர் வழியாக, கைப்பட்டி வழியாக, எங்கே இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் விரல் விட்டுப் பார்த்தது. அவர் கொண்டுவந்த சட்டைகள் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கயிறு கட்டிய பாய்மூட்டை மாதிரி நின்றார்.

"இன்னாம்மா, உங்க கம்பெனி குளுரும் இதுவும் ஒண்ணா?"

"எங்க ரூமுக்குக் கதவு இருக்கும்," என்றேன்.

அது விளையாட்டாகச் சொன்னது இல்லை. குளிர் அறையில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். நேரம் ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு செங்கல்பட்டு வெயிலுக்கு வந்துவிடுவேன். இங்கே கதவைத் தள்ளினால் வெளியே இன்னும் அதிகக் குளிர் நின்றது.

ஆனாலும் தெரிந்ததைச் செய்தேன். உள்ளே பருத்திச் சட்டை கூடாது, வேர்த்தால் ஈரம் நிற்கும், அந்த ஈரமே பிறகு குளிரும் என்று சொல்லி, அவருடைய பனியன்களையெல்லாம் கழற்ற வைத்தேன். சென்னைக்காரர்கள் குளிரென்றால் கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு இறுக்கிக் கட்டுவோம். தளர்வாகப் போட்டால்தான் உள்ளே சூடு தங்கும். முணுமுணுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அரை மணி நேரத்தில், "மேடம் சொன்னா கரெக்டாதான் கீது," என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

முதல் நாள் நன்றாகவே போனது. சறுக்குப் பூட்ஸ் என்பது கெட்டிப் பிளாஸ்டிக். காலை உள்ளே விட்டு நான்கு கொக்கிகளை இழுத்துப் பூட்டினால் கணுக்கால் அசையாது. பயிற்சியாளர் எங்கள் வயதுக்காரர். என்னை அக்கா என்கிற பொருளில் தீதி என்று கூப்பிட்டார். காலில் மாட்டிய சறுக்குக் கட்டைகளின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, தரையில் ஒரு கூரை வரைகிற மாதிரி வைத்தால் வேகம் குறையும் என்று காட்டினார். அவர் பேசிய இந்தி எனக்குப் பாதிதான் புரிந்தது. என் வீட்டுக்காரருக்கு முழுதும் புரிந்தது. பட்டறையில் கூட வேலை செய்யும் பீகார் பையன்களிடம் கற்ற இந்தி இவருடையது. பிடி, விடு, தள்ளு, மெதுவாக என்பதைத் தாண்டி அதில் வேறு சொற்கள் கிடையாது. சறுக்குவதற்கு வேறு சொற்கள் தேவையும் இல்லை.

மூன்றாம் நாள் மதியம், கற்றுக்கொள்பவர்களுக்கான சரிவின் உச்சியிலிருந்து, யார் கையையும் பிடிக்காமல், விழாமல் கீழே வரவேண்டும். நான் வந்தது அதற்காகத்தான். பனியைத் தொட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதற்காக இல்லை.

இரண்டாம் நாள் காலையில் கால் விரல்களில் ஊசி குத்துவது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஊசி நின்றுவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு திரும்புமிடத்தில் விழுந்தேன். எழுந்து போய் அதே இடத்தில் மறுபடி விழுந்தேன். காலை எங்கே வைக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. பாதத்துக்கு முன்பக்கம் ஏதோ மரக்கட்டை சொருகியிருந்த மாதிரி இருந்தது. பயிற்சியாளர் கொக்கிகளைத் தளர்த்தினார். இரண்டு சாக்ஸ் போட்டிருந்ததில் ஒன்றைக் கழற்றச் சொன்னார். மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன். பயிற்சியாளர் இவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?"

"நாளிக்கு நீ மேல ஏற வேணாமாம். கீழ நின்னு போட்டோ எடுத்துக்கலாமாம்."

அதைக் கேட்ட பிறகு எனக்குக் குளிரவே இல்லை. நேராக டீக்கடைக்குப் போனேன். தகரக் கூரை, நடுவில் விறகு அடுப்பு. மூலையில் உட்கார்ந்து பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றினேன். மற்ற விரல்கள் சிவந்திருந்தன. இரண்டு காலிலும் இரண்டாவது விரல் மட்டும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. நகத்தால் கிள்ளினேன். வேறு யாருடைய விரலையோ கிள்ளிய மாதிரி இருந்தது.

இரண்டு விரல்களின் அடியிலும் மூன்று சுற்று வெள்ளி மெட்டி.

உடனே விளங்கியது. கம்பூட்ஸ் தொளதொளவென்று இருக்கும். மெட்டிக்கு அதில் இடம் உண்டு. இந்தப் பூட்ஸ் நாள் முழுதும் காலைப் பிடித்து நெரிக்கிறது. கூடவே நெரித்த மெட்டி, விரலுக்குப் போகிற ரத்தத்தைத் தடுத்திருக்கிறது. உலோகம் வேறு; குளிர்ந்தால் பனிக்கட்டிக்குச் சமம். இதற்கு மேல் குளிர் தாங்குகிறேன் பேர்வழி என்று இரண்டு சாக்ஸ் போட்டு இன்னும் இறுக்கியிருக்கிறேன். அவருடைய பனியனைக் கழற்ற வைத்தவள் என் காலைப் பார்க்கவில்லை.

அவர் பதறிப்போய் என் காலைத் தூக்கி அடுப்புப் பக்கம் இழுத்தார்.

"விடுங்க! உணர்ச்சி இல்லாத காலை நெருப்புகிட்டக் கொண்டுபோகக் கூடாது. வெந்தாலும் தெரியாது."

"தேய்ச்சி வுடட்டா? தைலம் கீது."

"தேய்க்கவும் கூடாது. முதல்ல இதைக் கழட்டணும். சூடு ஏறினா விரல் வீங்கும், அப்புறம் கழட்டவே முடியாது."

இழுத்துப் பார்த்தேன். நகரவில்லை. அவர் மெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா சொல்லிச்சே..."

"அது உங்க அம்மாவோட கால் இல்ல. என்னோட கால்."

"இல்லம்மா, நான் போட்டது அது. நானே எப்டி..."

"நீங்க போட்டதுதானே? அப்ப உங்களுக்குத்தான் கழட்டத் தெரியும். பட்டறையில எத்தனை வளையத்தைப் பிரிச்சிருக்கீங்க?"

அந்தப் பேச்சு வேலை செய்தது. எழுந்து போய் டீக்கடைக்காரரிடம், "பாய், பிளாஸ் ஹை?" என்று கேட்டார். கட்டிங் பிளேயருக்கு இந்திக்காரர்கள் சொல்லும் பெயர் அதுதானாம். அடுப்புக் கம்பியை முறுக்க வைத்திருந்த ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

இவர் தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துக்கொண்டார். ஆவணியில், பெருங்களத்தூர் மண்டபத்தில், இதே காலைப் பிடித்து அம்மிமேல் வைத்துத்தான் மெட்டி போட்டார். அன்றைக்குச் சுற்றிலும் சிரிப்பு. எந்த விரல் என்று தெரியாமல் இவர் கட்டைவிரலில் போடப் போக, என் நாத்தனார் இவர் கையில் அடித்தாள். இன்று அவர் நெற்றியில், அந்தக் குளிரிலும், வேர்வை. மெட்டியின் முனையைப் பிடித்துத் தோலில் படாமல் ஒவ்வொரு சுற்றாக நெம்பித் திறந்தார். லேத்தில் நூலிழை அளவுகூடப் பிசகாமல் பார்க்கிற கை. ஒரு கீறல் விழவில்லை. டீக்கடைக்காரர் கெட்டிலைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் கழன்றதும் அவரும் சேர்ந்து பெருமூச்சு விட்டார்.

"இப்ப ஸ்வெட்டரைத் தூக்குங்க," என்றேன்.

"எதுக்கு?"

"அக்குள்ல வைக்கணும். உடம்புச் சூடு போதும்."

இரண்டு பாதங்களையும் அவருடைய அக்குளில் திணித்தேன். அவர் போட்ட சத்தத்துக்குக் கூரைப் பனி சரிந்து விழாதது ஆச்சரியம். "அய்யய்யோ! இது காலா, மீன் பொட்டில கீற ஐஸா!" மற்ற மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். சூடாக இரண்டு கோப்பை டீ குடித்து முடிக்கும்போது வலி ஆரம்பித்தது. விரல் முழுதும் எறும்பு புகுந்து கடிப்பது மாதிரி வலி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அது நல்ல செய்தி என்று எனக்குத் தெரியும். வெளுத்த விரல்கள் இளஞ்சிவப்பாகி, பிறகு மற்ற விரல்களின் நிறத்துக்கு வந்தன.

அவர் கையில் வளைந்த மெட்டிகளை வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். பர்ஸில் வைக்க மனம் வரவில்லை. நான் ஸ்வெட்டருக்குள் கைவிட்டுத் தாலிக்கயிற்றை வெளியே எடுத்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் போல அதில் இரண்டு ஊக்கு எப்போதும் தொங்கும். புடவைக்கு, பைக்கு, எதற்கும் ஆகும். ஓர் ஊக்கைத் திறந்து இரண்டு மெட்டியையும் கோத்துப் பூட்டினேன். உள்ளே விட்டபோது நெஞ்சில் ஜில்லென்று பட்டது. கொஞ்ச நேரத்தில் என் சூட்டுக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் மாமியார் வீடியோ காலில் வந்தார். பனியைக் காட்டினோம். மகனுடைய குல்லாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சந்தேகம் வந்ததோ என்னவோ, "கால்ல ரணம் கினம் ஒண்ணும் இல்லியே? காட்டு," என்றார்.

இவர் போனைச் சட்டென்று ஜன்னல் பக்கம் திருப்பினார். நான் வாங்கி, காலைக் காட்டினேன்.

"மெட்டி எங்கடி?"

"கழட்டிட்டேன் அத்த. ரத்தம் போகாம விரல் செத்துப்போக இருந்துச்சு."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ தாளிக்கும் ஓசை கேட்டது. நான் கயிற்றை வெளியே இழுத்து ஊக்கைக் காட்டினேன்.

"கால்லதான் இல்ல. உடம்புல இருக்கு."

போனை முகத்துக்கு மிகக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார் போலிருக்கிறது; திரையில் ஒரு கண்ணும் மூக்குத்தியும் மட்டும் தெரிந்தன.

"அடிப்பாவி, ஊக்கு மாட்ற எடத்துல மாட்டிகினியா! எங்க கொண்டுபோயி வச்சிகீறா பாரு!" சிரிப்பை அடக்குகிற குரல். "சரி, பத்திரம். அவன் கைல குடுத்துடாத, தொலைச்சிட்டு வந்து நிப்பான். வெரலு அசையுதா?"

அசைத்துக் காட்டினேன்.

மூன்றாம் நாள் வெறும் விரலோடு, ஒரே ஒரு கம்பளி சாக்ஸோடு பூட்ஸ் போட்டேன். கொக்கிகளை நானே பூட்டினேன். காலையில் இரண்டு முறை பாதிச் சரிவு வரை ஏறி இறங்கியதும், யாரும் சொல்லாமலே டீக்கடைக்குள் போய்க் கழற்றி, விரல்களின் நிறம் பார்த்து, சூடாக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆலையில் எப்படியோ அப்படி. கதவு இல்லாத குளிருக்கு நானே ஒரு கதவு வைத்துக்கொண்டேன். பயிற்சியாளர் முதலில் சிரித்தார். பிறகு, மேலே போகலாம் என்று அவரே கையைக் காட்டினார்.

உச்சியிலிருந்து பார்த்தால் கீழே இவர் ஒரு நீலப் புள்ளி. போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். கட்டைகளைக் கூரை மாதிரி வைத்துச் சறுக்கினேன். காற்று காதைக் கடந்தது. முதல் திருப்பம். பெருவிரலை அழுத்தினேன், கட்டை சொன்னபடி கேட்டது. நேற்று விழுந்த இடம் வந்தது. இரண்டாவது விரலும் சேர்ந்து அழுத்தியது, திரும்பிவிட்டேன். கீழிருந்து, "தீரே! தீரே!" என்று பட்டறைக் குரல் ஒன்று கத்தியது. நான் மெதுவாக வரவில்லை. முனைகளைச் சேர்த்து, பனியை அவர் பேன்ட்மேல் வாரியடித்து, விழாமல் நின்றேன்.

"எடுத்தீங்களா?"

"வுழுந்துடுவியோன்னு பாத்துகினே இருந்தனா... பட்டன அமுக்க மறந்துட்டேன்."

பரவாயில்லை என்றேன். நெஞ்சில் ஊக்கு இருக்கிறதா என்று கோட்டுக்கு மேல் தொட்டுப் பார்த்தேன். பூட்ஸுக்குள் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தேன். எல்லாம் பதில் சொன்னது.

"வாங்க, இன்னொரு தடவை ஏறுறேன். இந்தத் தடவை எடுங்க."