கோட்டுக்குள்ளே 'ங்க' கிடையாது

வாலிபாலில் ஒரு டீம் தோற்க எத்தனையோ காரணம் இருக்கலாம். உயரம் போதாது, சர்வீஸ் சரியில்லை, ரெஃப்ரிக்கு அன்று மூட் சரியில்லை... ஆனால் மரியாதையால் தோற்கிற டீமை நான் பார்த்தது போன சனிக்கிழமைதான்.

என் தங்கை சுமதி நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். பெண்கள் வாலிபால் அணிக்கு அவள்தான் கோச். கொல்லிமலையில் ஒரு நட்பு ஆட்டம் என்று கல்லூரியில் பஸ் கேட்டாள். அதே பஸ்ஸை வேலைவாய்ப்பு வழிகாட்டிப் பேராசிரியர் தங்கவேலுவும் கேட்டிருந்தார். உலகத்தில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று மாணவிகளுக்கு நேரில் காட்ட அவருக்கு ஒரு ஃபீல்ட் ட்ரிப் போயாக வேண்டும். நிர்வாகம் சும்மா இருக்குமா? காலையில் கேரியர், மாலையில் வாலிபால் என்று முடித்துவிட்டது. ஒரே பஸ், ஒரே டீசல்!

துணைக்கு இன்னொரு பெண்மணி வேண்டும் என்று சுமதி என்னையும் ஏற்றிக்கொண்டாள். எனக்கென்ன வேலை... வாராவாரம் உங்களோடு அரட்டை அடிப்பதைத் தவிர!

கதை என்னுடையதல்ல. கோகிலாவுடையது. இரண்டாம் ஆண்டு மாணவி. கொல்லிமலையிலேயே ஆலத்தூர் நாடு என்ற பகுதிப் பெண். அப்பா மலையில் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். எவ்வளவு வேகமாகப் பந்து வந்தாலும் விழுந்து புரண்டு எடுத்துவிடுவாள். ஒரே ஒரு குறை. அவளுக்குப் பக்கத்தில் நிற்பது கேப்டன் மகேஸ்வரி, சீனியர். இரண்டு பேருக்கும் நடுவில் பந்து வந்தால் யாராவது ஒருத்தி "விடு!" என்று கத்த வேண்டும். மற்றவள் ஒதுங்கிக்கொள்வாள். இது கோகிலாவுக்கு வாயில் வராது.

"அக்கா, நீங்க எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுங்களா?"

இந்த வாக்கியம் முடிவதற்குள் பந்து விழுந்து, உருண்டு, வேலி ஓரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியத்தை முடித்தால் நாக்கு கூசும். நான் சேலத்துக்காரி. ராங் நம்பரில் கூப்பிட்டவனிடம்கூட "பரவாயில்லீங்க, இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்று சொல்லித்தான் வைப்பேன்.

சுமதி சட்டம் போட்டாள். "கோட்டுக்குள்ள அக்கா கிடையாது, ங்க கிடையாது. பந்துக்கு மரியாதை தெரியாது. யார் ங்க போட்டாலும் கிரவுண்டைச் சுத்தி ஒரு ரவுண்டு!"

"சரிங்க மேடம்" என்றதாம் மொத்த டீமும். எல்லோரும் ஓடினார்கள்.

சிரிக்கலாம். ஆனால் கோகிலாவுக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. அடுத்த மாதம் கல்லூரிகளுக்கிடையே போட்டி. அவள் இடத்துக்கு இன்னொரு பெண் தயாராக இருந்தாள். "மலையில ஆடற மேட்சுதான் உனக்குக் கடைசி சான்ஸ். அங்கயும் வாயைத் திறக்கலைன்னா பெஞ்சுதான்" என்று சுமதி கறாராகச் சொல்லிவிட்டாள். அதுவும் சொந்த மலையில், அப்பா பார்த்துக்கொண்டிருக்க! அந்தப் பெண் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. கொல்லிமலை வளைவுகளுக்குப் பயந்து நாங்களும் சாப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

மலைப்பாதையில் பாதி ஏறியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வாழைத்தார் ஏற்றிய லாரி. நம் பஸ் கொஞ்சம் பின்னால் போனால்தான் அது இறங்க முடியும். டிரைவர் ராசு ரிவர்ஸ் எடுத்தார். தங்கவேலு சார் கீழே இறங்கி, பின்பக்கம் நின்று, கை ஆட்டி வழி சொன்னார்.

"வாங்க... வாங்க... இன்னும் கொஞ்சம் வரலாமுங்க... இப்ப என்ன பண்றீங்கன்னா, சக்கரம் ஓரத்துக்கு வந்துட்ட மாதிரி தெரியறதால, தயவு பண்ணி கொஞ்சம்..."

நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தானே வரும்? பஸ் அதுவரைக்கும் காத்திருக்குமா?

"நிறுத்து!"

கடைசி சீட்டிலிருந்து ஒரு சத்தம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்த கோகிலா! ராசு பிரேக்கை மிதித்தார். நாங்கள் எல்லோரும் சீட்டின் சாய்மானத்தில் பின்தலையை முட்டிக்கொண்டோம். இறங்கிப் பார்த்தால், பின் சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணில் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

லாரி போனதும் கோகிலா என்ன செய்தாள் தெரியுமா? நேரே டிரைவரிடம் போனாள். கண்ணில் தண்ணீர்.

"அண்ணா, மருவாதி இல்லாமப் பேசிப்போட்டனுங்க... மனசுல வச்சுக்காதீங்க."

ராசு சிரித்துவிட்டார். "அட, நல்லா இருக்குது போ! நீ ங்க போட்டிருந்தீன்னா நாம எல்லாரும் இன்னேரத்துக்கு அடிவாரத்துல இருந்திருப்போம் கண்ணு."

சுமதி என் காதில் "பார்த்தியாக்கா, வாய் இருக்கு!" என்றாள். நானும் விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். எங்கே முடிந்தது?

மிளகு தரம் பிரிக்கும் ஒரு கூடத்துக்குப் போனோம். சல்லடை எப்படி ஓடுகிறது, மிளகு எங்கெல்லாம் போகிறது, அங்கே என்ன படித்தவர்களுக்கு வேலை என்று பொறுப்பாளர் அம்மா விளக்கினார். மாணவிகள் தும்மினார்கள். "கேள்வி இருந்தா கேளுங்க" என்றார் சார். ஒருத்தி, "இங்க டவர் எங்கீங்க கிடைக்கும்?" என்று கேட்டாள். கோகிலா மட்டும் ஓரமாக நின்று, பெரிய மனுசரைப் பார்த்து 'நிறுத்து' என்று சொல்லிவிட்டோமே என்று மறுகிக்கொண்டிருந்தாள்.

மாலையில் மேட்ச். எதிரணி மலைக் கிராமங்களின் இளம் பெண்கள். கால் மணி நேரத்திலேயே நம் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சர்வீஸ் எல்லாம் கோகிலாவுக்கும் மகேஸ்வரிக்கும் நடுவில்தான்! கோகிலா வாயைத் திறப்பாள், மகேஸ்வரியின் முகத்தைப் பார்ப்பாள், மூடிக்கொள்வாள். பந்து பொத்தென்று விழும். சுமதி மாற்று ஆட்டக்காரியை எழுந்து வார்ம்-அப் பண்ணச் சொன்னாள். கோகிலா அதைப் பார்த்தாள். அவள் அப்பாவும் பார்த்தார்.

அடுத்த பந்து உயரமாக, மறுபடியும் நடுவில். கோகிலா வாயைத் திறந்து, உயிரைக் கொடுத்துக் கத்தினாள்.

"நிறுத்து!"

பதற்றத்தில் வார்த்தை மாறிவிட்டது! ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே... மகேஸ்வரி நின்றாள். நம் டீம் நின்றது. வலைக்கு அந்தப் பக்கம் எதிரணியும் நின்றது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ராசுவின் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. கோகிலா ஒருத்தி மட்டும் ஓடி, பந்தை அந்தப் பக்கம் தட்டினாள். யாரும் எடுக்கவில்லை.

"இது செல்லாதுங்க! அவதான் நிறுத்துன்னு சொன்னாளே!" என்று எதிரணி ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டது. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் அவர். "ஏனுங்க மேடம், உங்க டீமுல இப்படி ஒரு சிக்னல் இருக்குதுங்களா?" என்று சுமதியைக் கேட்டார். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுபடி சர்வீஸ் போடுங்கள் என்று தீர்ப்பு.

சர்வீஸ் மறுபடியும் நடுவிலேயே வந்தது.

"விடு மகேசு!"

அக்கா இல்லை, ங்க இல்லை. மகேஸ்வரி ஒதுங்கினாள். கோகிலா விழுந்து எடுத்தாள். அடுத்தவள் தூக்கிக் கொடுக்க, மகேஸ்வரியே அடித்தாள். பாயிண்ட்! எனக்கு அவ்வளவு சந்தோஷம், கை வலிக்கத் தட்டினேன்.

பக்கத்தில் நின்ற அவள் அப்பாவுக்குத்தான் முகம் சுருங்கியது. "அந்தப் புள்ளை மூத்த புள்ளையாட்ட இருக்குதுங்க. இவ பேரைச் சொல்லிக் கூப்புடறாளே?"

"கோட்டுக்குள்ள அப்படித்தாங்க" என்றேன்.

"சரி, கோட்டுக்கு வெளியில?"

மேட்ச் முடிந்தது, தோற்றோம்தான், முன்னாலேயே அத்தனை பாயிண்ட் விட்டிருந்தோம். கோகிலா கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தாள்.

"அக்கா, தண்ணி குடிக்கறீங்களா? காலு ரொம்ப வலிக்குதுங்களா?"

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "எல்லாரும் ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புட்டுத்தான் போகோணும்" என்று எங்களை அழைத்துப் போனார். காலையிலிருந்து விட்டதை எல்லாம் கோகிலா அங்கே சேர்த்துச் சாப்பிட்டாள்.

இறங்கும்போது தங்கவேலு சார் பஸ்ஸில் எழுந்து நின்றார். "இன்னிக்கு ட்ரிப்ல என்ன கத்துக்கிட்டீங்க?"

"சுருக்கமாப் பேசக் கத்துக்கிட்டோமுங்க சார்" என்றாள் மகேஸ்வரி. சார் பெருந்தன்மையாக உட்கார்ந்துவிட்டார்.

கோகிலா மட்டும் சிரிக்கவில்லை. டீமில் இருக்கிறோமா, இல்லையா? சுமதி அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி வளைவு தாண்டியதும் திரும்பினாள்.

"திங்கட்கிழமையிலிருந்து டோர்னமென்ட் டீமுக்கு மட்டும் பிராக்டிஸ். கோகிலா, நீங்களும் வந்துருங்க."

கோகிலா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு பின் சீட்டிலிருந்து ஆரம்பித்தார்கள்: "மேடம் ங்க போட்டுட்டாங்க! ஒரு ரவுண்டு! ஒரு ரவுண்டு!"

சட்டம் சட்டம்தானே? திங்கட்கிழமை சுமதி ஓடினாளாம். கோச்சைத் தனியாக ஓட விடுவதா என்று கோகிலாவும் கூடவே ஓடியிருக்கிறாள். பாதி வழியில், "மெதுவா ஓடுங்க மேடம்" என்றாளாம்.

அதற்கு இன்னொரு ரவுண்டு!