தெற்கே தலை வைத்த வேன்

எங்கள் வேனில் வெயில் ஏறினால் ரொட்டி வாசனை வரும். சோடா உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிப் பார்த்தோம், புதுசாகப் பெயின்ட் அடித்துப் பார்த்தோம். மதியமானால் தகரத்துக்குள்ளிருந்து அது மெல்லக் கிளம்பி வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "இப்போ பன் வேகுது" என்பாள். வேகிறதோ இல்லையோ, எனக்கும் பசிக்க ஆரம்பித்துவிடும்.

அது பல்லாவரத்தில் ஒரு பேக்கரியின் வேன். அப்பாதான் அதை ஓட்டினார். விடிவதற்கு முன்னால் கிளம்பி, குரோம்பேட்டை, சிட்லபாக்கம், தாம்பரம் என்று கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு வருவார். எழுபதுகளின் தொடக்கத்தில் பேக்கரிக்காரர் புது வண்டி வாங்கியபோது, பழசை எடைக்குப் போட மனசு வராமல், சம்பளத்தில் பேருக்கு ஏதோ பிடித்துக்கொண்டு அப்பாவிடமே கொடுத்துவிட்டார். அப்பா அதை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனையில் நிறுத்தி, ஹாரன் அடித்தார். நாங்கள் எல்லோரும் வெளியே ஓடினோம், அக்காவைத் தவிர.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் காய்ச்சலாகத் தொடங்கி, அவளுக்கு முதுகெலும்பில் நோய் வந்தது. நோய் குணமாகிவிட்டது, முதுகு குணமாகவில்லை. கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. "படுத்துக்கிட்டு எங்க வேணும்னாலும் போகலாம்" என்று டாக்டர் சொன்னார். படுத்துக்கொண்டு போகிற பஸ் எங்கே இருக்கிறது? ஆகவே எங்கள் வீட்டில் நாலு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. கல்யாணமோ கருமாதியோ, யாராவது ஒருவர் அக்காவோடு தங்கிவிடுவோம்.

எங்கள் வீடு தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்தது. அக்காவின் கட்டிலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். லாரி போனால் தண்ணீர்ச் சொம்பு மெல்ல அதிரும். படுத்தபடியே எது பஸ், எது லாரி, எது பாரம் ஏற்றியது, எது காலி என்று சொல்லிவிடுவாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். சாயங்காலம் வந்து பாடத்தை அவளுக்குச் சத்தமாகப் படிப்பேன். அப்படித்தான் அவளும் படித்தாள். பூகோளப் புத்தகத்தில் தேசப்படத்தைக் காட்டிய அன்றைக்குக் கேட்டாள்.

"நம்ம வூட்டு ரோடு இதுல எங்கடா?"

காட்டினேன். திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று விரலை இறக்கிக்கொண்டே போய், கன்னியாகுமரியில் நிறுத்தினேன்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ரோடு இல்ல. கடல்."

"ரோடு முடியற இடமா?" என்றாள். கொஞ்ச நேரம் லாரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த ரோடு முடியறதை நான் பார்க்கணும்டா."

அது எனக்குள் அப்படியே கிடந்தது. நான் காலேஜில் சேர்ந்த பிறகும் கிடந்தது. அப்பா ஹாரன் அடித்தபோது எழுந்துகொண்டது.

வண்டியை மாற்றும் வேலைக்கு அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வந்தார். பல்லாவரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய். வேனைச் சுற்றி வந்து, பின்கதவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னா மச்சான், வண்டிய வாங்கினியா, டீக்கடைய வாங்கினியா?"

"பேஜார் பண்ணாத பாய். இதுக்குள்ள ஒரு வூடு கட்டணும்."

"கட்டிடலாம். வாடகைக்கு விடுவியா?"

படம் வரைந்தது நான். கிராஃப் தாளில், அளவெடுத்து, அழித்து அழித்து வரைந்தேன். ரொட்டித் தட்டுகள் சொருகுகிற இரும்புச் சட்டங்கள் இரண்டு பக்கமும் இருந்தன. ஒரு பக்கத்தை அப்படியே விட்டு அலமாரி ஆக்கினோம். அரிசி டின், பாத்திரம், துணி எல்லாம் அதில் சொருகிக்கொண்டன. கெரசின் ஸ்டவ் ஆடாமலிருக்க ஒரு இரும்புத் தொட்டில். கூரைமேல் தண்ணீர் டிரம். அதற்குக் கறுப்பு அடித்தது என் யோசனை, வெயிலில் தானாகச் சுடும் என்று. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ரயில் பெட்டி ஜன்னல் ஒன்று கிடைத்தது, மேலே தூக்கிவிடுகிற மரச் சட்டத்தோடு. படுத்திருப்பவளின் கண் உயரத்துக்குத் தகரத்தை அறுத்து அதைப் பொருத்தினார் பாய். அம்மா தன் பழைய புடவையில் திரை தைத்தாள்.

கட்டிலுக்கு நான் பலகை போட்டு வரைந்திருந்தேன். அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "இதுல உன்னைப் படுக்க வச்சு ஒரு பள்ளத்துல இறக்கச் சொல்றேன்" என்றாள். லாரி டியூபை நீளமாக வெட்டி, நாடாக் கட்டில் மாதிரி குறுக்கும் நெடுக்கும் பின்னச் சொன்னாள். பின்னினோம். நான் ஏறிக் குதித்துப் பார்த்தேன். தண்ணீரில் மிதப்பது போல இருந்தது.

படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த தகரத் தடுப்பில் ஒரு பெரிய சதுரம் அறுக்க வேண்டும். அக்காவின் தலை பின்கதவுப் பக்கம், கால் டிரைவர் பக்கம். சாய்ந்து படுத்தால், அப்பாவின் தோளுக்கு மேலே முன்கண்ணாடி வழியாக ரோடு அவளை நோக்கி வரும். பாய் அறுத்துக் கொடுத்துவிட்டார். கட்டிலைத் தூக்கி உள்ளே வைக்கும்போது அம்மா வந்தாள்.

"தலை எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்மா."

"வண்டி எந்தப் பக்கம் போகும்?"

"தெற்கே."

"அப்போ பின்பக்கம் வடக்கு." அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வடக்கே தலை வச்சு என் பொண்ணு படுக்க மாட்டா."

அப்பா சிரித்தார். "நாமதான் மாதா கோயிலுக்குப் போறோம், ஞானஸ்நானம் வாங்கிக்கீறோம். இன்னும் இன்னா வடக்கு, தெற்கு?"

"ஜெபம் வேற, தலை வேற."

நான் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ரோடு வளையும், திசை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் என்றேன். அம்மா கேட்டுவிட்டு, "இந்த வீட்டுக்கு வந்தப்போ இடம் இல்லேன்னு நான்தானே அவளை வடக்கே தலை வச்சுப் படுக்கப் போட்டேன்" என்றாள். "அந்த வருஷம்தானே காய்ச்சல் வந்துச்சு."

அது நோய்க்கிருமியால் வந்தது என்று எனக்குத் தெரியும். கிராஃப் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பாய் ஸ்பேனரை எடுத்து, கட்டிலைத் திருப்பி வைத்தார். தலை டிரைவர் பக்கம், கால் பின்கதவுப் பக்கம். தலைமாட்டில் சாய்வுப் பலகை, அதன்மேல் தோல் மெத்தை, இடுப்புக்கு ஒரு பெல்ட், எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கினார். பின்கதவில் இரண்டு கண்ணாடி பதித்தார். அக்கா இனி பின்னால் போகிற ரோட்டைத்தான் பார்ப்பாள். நான் ஆசையாக அறுக்கச் சொன்ன சதுரம், டீ கிளாஸ் கொடுத்து வாங்க உதவும் என்றார் அப்பா.

"பரவாயில்லடா" என்றாள் அக்கா. "எங்கெல்லாம் போனோம்னாவது தெரியுமில்ல."

வேலை முடிந்தும் உடனே கிளம்பவில்லை. அப்பாவுக்கு லீவு கிடைக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் சாயங்காலமானால் அக்காவைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் படுக்க வைப்போம். அம்மா உள்ளேயே டீ போடுவாள். வேன் காலி மனையில் நிற்கும். பக்கத்தில் ரோடு ஓடும். ஜன்னலில் பஸ் வெளிச்சம் ஒன்று வந்து, திரையில் மெல்ல நகர்ந்து, அலமாரிப் பாத்திரங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் போகும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நாம்தான் நகர்கிறோம் என்று தோன்றும். "செங்கல்பட்டு தாண்டிட்டோம்" என்பாள் அக்கா. "ஏரி தெரியுதா?" என்பேன். "தெரியுது. நாரை நிக்குது." அப்பா கூட ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "விழுப்புரத்துல சாப்பிடறதா, தாண்டிப் போயிடறதா?" என்று கேட்பார். அம்மா, "டீ ஆறுது, குடிச்சிட்டு ஓட்டுங்க" என்பாள். எங்கள் பயணத்தில் பாதியை அங்கேயே போய்விட்டோம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்த பிறகு, நிஜமாகவே ஓட்டிப் பார்ப்போம் என்று கூடுவாஞ்சேரி வரை போனோம். அக்காவின் முதுகு தாங்குமா என்று தெரிய வேண்டும். டியூப் நாடா தாங்கியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மா "மாதாவே" என்றாள். அக்கா "இது சின்னது" என்றாள். பின்கதவுக் கண்ணாடியில் தாம்பரம் சிறுத்துக்கொண்டே போனது.

கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கம் நிறுத்தினோம். புதுப் பெயின்டுக்கு அடியிலிருந்து பழைய ரொட்டிப் படம் லேசாகத் தெரிந்திருக்க வேண்டும், வாசனை வேறு. ஒரு அம்மாள் பையோடு வந்து, "ரொட்டி கீதா?" என்று கேட்டாள். "தீர்ந்துபோச்சு" என்றாள் அக்கா உள்ளிருந்து. காபி குடித்துவிட்டு அப்பா வண்டியைத் திருப்பினார். கொஞ்ச தூரம் கூடப் போயிருக்க மாட்டோம்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் அம்மா.

அப்பா பதறிப் பிரேக் போட்டார். "இன்னா, இன்னா ஆச்சு?"

"இப்போ எந்தப் பக்கம் போறோம்?"

வடக்கே போய்க்கொண்டிருந்தோம். அக்காவின் தலை டிரைவர் பக்கம். போல்ட் போட்டு முடுக்கிய தலைமாடு நேராக வடக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக வரைந்து, அறுத்து, பூட்டியதில் நாங்கள் போவதை மட்டுமே நினைத்திருந்தோம். திரும்பி வருவதை நான் நினைக்கவில்லை, அப்பா நினைக்கவில்லை, அம்மாவும் நினைக்கவில்லை.

ரோட்டோரம் புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கி, பெட்ஷீட்டுகளைச் சுருட்டி எதிர்ப்பக்கம் சாய்வு செய்து, நானும் அப்பாவும் அக்காவைத் தூக்கினோம்.

"ரொட்டியைத் திருப்பிப் போடற மாதிரி போடறீங்களே" என்றாள் அக்கா. "ஒரு பக்கம் வெந்துடுச்சா?"

அப்பா வண்டியை எடுத்தார். திரும்பிப் பார்த்தேன். நான் அறுக்கச் சொன்ன சதுரத்துக்கு நேரே அவள் முகம் இருந்தது. முன்கண்ணாடியில் ரோடு வந்துகொண்டிருந்தது. மரங்கள் தூரத்தில் ஒட்டிக்கொண்டு நின்று, கிட்டே வந்ததும் விலகி வழிவிட்டன. சைக்கிள்காரர் ஒருவர் புள்ளியாக இருந்து, ஆளாகி, பக்கவாட்டில் மறைந்தார்.

"எல்லாம் பெருசாயிட்டே வருது" என்றாள்.

அடுத்த வாரம் பாய் வந்து இரண்டு பக்கமும் சாய்வுப் பலகை வைத்து, மடக்கி நிமிர்த்தக் கீல் போட்டுக் கொடுத்தார். போகும்போது ஒரு தலைமாடு, வரும்போது இன்னொன்று. ஆனால் அக்கா பார்க்க வேண்டிய இடம் போகிற பக்கத்தில் அல்லவா இருந்தது? தெற்கே போகிறவரைக்கும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் எல்லாம் வரும். ரோடு முடிகிறபோதும் அவள் முகம் தாம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மாவோடு சண்டையாவது போட்டிருப்பேன்.

கோடை லீவில் கிளம்பினோம். அந்தப் பயணம் எனக்கு வரிசையாக ஞாபகமில்லை. பாலாற்று மணல், ஓர் ஊரில் தேர் நிறுத்தியிருந்த தெரு, கறுப்பு டிரம்மில் சுட்ட தண்ணீரில் குளித்தது, எல்லாம் அக்கா பார்த்த மாதிரியே பின்கதவுக் கண்ணாடியில் சின்னதாகிப் போய்க்கொண்டிருக்கின்றன. திருநெல்வேலிக்குப் பிறகு காற்று பலமாக அடித்தது. மலைகள் கூடவே வந்தன. நாகர்கோவில் தாண்டியபோது வெயில் சாய்ந்துவிட்டது.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் அம்மா.

இறங்கி ரோட்டில் நின்றாள். கையை நெற்றியில் வைத்துச் சூரியனைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் நிழலைப் பார்த்தாள். அது முன்பக்கம், இடது ஓரமாகச் சாய்ந்து விழுந்திருந்தது.

"ரோடு கிழக்கால திரும்பிடுச்சு போல."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவன். சொல்லு. இது கிழக்குதானே?"

பாதி கிழக்கு, பாதி தெற்கு. எனக்குத் தெரியும். நிழலைப் பார்த்த அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"கிழக்குதாம்மா" என்றேன்.

"சுத்தக் கிழக்கு" என்றார் அப்பா.

அம்மாவின் முந்தானை காற்றில் படபடத்தது. "அப்போ திருப்பிப் போடுங்க அவளை" என்றாள்.

முன்பலகையை மடக்கி, பின்பலகையை நிமிர்த்தி, அக்காவைத் தூக்கித் திருப்பினோம். இந்தத் தடவை அவள் கண் நேரே முன்கண்ணாடிக்குப் போனது. அம்மா எப்போதும் உட்காரும் இடத்தை விட்டுவிட்டு, பின்கதவில் முதுகைச் சாய்த்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். அக்காவின் தலைக்குக் கீழே தன் இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்து ஏந்திக்கொண்டாள். வடக்கு வந்து தொடுவதானால் முதலில் தன் கையைத் தொடட்டும் என்பது போல.

தென்னைகள் விலகின. வீடுகள் தாழ்ந்தன. முன்கண்ணாடியில் வானம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. ரோடு ஒருமுறை வளைந்தது, நிமிர்ந்தது, பிறகு இல்லை. அப்பா என்ஜினை நிறுத்தினார். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இரவும் பகலும் ஓடிய ரோடு அங்கே மணலுக்குள் அமைதியாகப் படுத்திருந்தது. அதற்கப்பால் தண்ணீர்.

சூடான தகரத்திலிருந்து ரொட்டி வாசனை மெல்லக் கிளம்பியது.

"அம்மா" என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமல். "கையை எடேன். காதை மூடிக்கிட்டிருக்கே. கடல் சத்தம் கேக்கல."

அம்மா எடுக்கவில்லை. காது வெளியே தெரிகிற அளவுக்கு விரல்களை மட்டும் நகர்த்திக்கொண்டாள்.