மூணாவது விதை

போன புரட்டாசியில் அழகேசனின் மக்காச்சோளக் காட்டில் சசிகலா குழிக்கு இரண்டு விதை ஊன்றிய வரிசை, பல்லுப்போன வாய் மாதிரி இடைவெளி விட்டு முளைத்தது. விதை பழசு என்று ஒருவரும் பேசவில்லை. அவள் கைக்கு ராசியில்லை என்றார்கள். சொன்னவர்களில் அழகேசனும் ஒருவர். பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் ஊன்றப் போகும் பெண்ணுக்கு அந்த ஒரு சொல் போதும், அடுத்த காட்டுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். சசிகலாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஆள் பற்றாமல் அழகேசன் அவளையும் கூப்பிட்டார். இந்தத் தடவையும் அவரிடம் இருந்தது பழைய விதைதான். சசிகலா அதில் கொஞ்சம் வாங்கிப்போய், நூறு ஜோடியாகப் பிரித்து ஈரச்சாக்கில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தேழு ஜோடியில் இரண்டும் முளைத்தன, நாற்பத்தாறில் ஒன்று மட்டும், பதினேழில் ஒன்றுமேயில்லை. கூட்டினால் சரியாக நூறு. இந்த மூன்றைத் தவிர விதைக்கு வேறு போக்கிடம் கிடையாது.

குழிக்கு மூன்று போடுவோம் என்றாள். அழகேசன் கணக்கில் புலி என்று பெயரெடுத்தவர். இருநூறு விதையில் நூற்றிருபது முளைத்திருக்கிறதே, குழிக்கு இரண்டு போட்டாலே ஒன்றுக்கு மேல் வருகிறது, அப்புறம் காலிக்குழி எங்கிருந்து வரும் என்று மடக்கினார்.

"சராசரிதாண்ணே ஒண்ணுக்கு மேல. ஒரு குழியில ரெண்டு வந்து, பக்கத்துக் குழி காலியாக் கெடந்தா, அங்க எந்தக் கதிரை ஒடிப்பீங்க?"

பத்துக்கு ஆறு முளைக்கிற விதை, அதனால் மூன்றாவது விதை அந்தப் பதினேழில் பத்தைக் காப்பாற்றும், நூற்றுக்கு ஏழு குழி காலியாகத்தான் கிடக்கும், ஒன்றிரண்டு கூடக் குறைய வரலாம் என்றாள். கூடுதலாக முளைத்ததைப் பிடுங்கிக் கலைத்துவிட்டால் போயிற்று. காலிக்குழியை முன்கூட்டியே எண்ணிச் சொன்ன ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. அரை மனதாகச் சரி என்றார்.

பத்தாம் நாள் அவரே குனிந்து எண்ணினார். முதல் நூறு குழியில் ஐந்து காலி, அடுத்த நூறில் எட்டு, அதற்கடுத்து ஆறு. மனுஷர் முகம் மலர்ந்துவிட்டது. இனி தன் காட்டில் முதல் விதையை அவள்தான் போடவேண்டும், அப்படியொரு கைராசி என்றார்.

ஒரு வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்த சொல் அது. ஆனாலும் அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"வரேண்ணே. ஆனா ராசின்னு சொல்லாதீங்க. அப்பவும் பழைய விதைதான், இதே கைதான். அப்ப குழிக்கு ரெண்டு போடச் சொன்னீங்க, இப்ப மூணு போட விட்டீங்க."