சுத்தக்காரரின் நாற்காலி

சுத்தக்காரருக்கு அந்தப் பெயரைச் சூட்டியது அலுவலகத்தின் தேநீர் அறை. "சுத்தமா முதல்லேர்ந்து கட்டணும்" என்று அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறார் என எண்ணத் தொடங்கியவர்கள், எண்ணிக் களைத்து, அதையே பெயராக வைத்துவிட்டார்கள். கேலி என்பது அவருக்கு உறைக்கவில்லை. பட்டம் என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப முகத்தையும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டார்.

நோயாளிகளுக்கான மின்சாரப் படுக்கை செய்யும் சிறிய நிறுவனம் அது. பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் எழும். இன்னொன்றை அழுத்தினால் கால்பக்கம். படுக்கையின் அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. அந்தப் போர்டில் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கட்டித் தருவதுதான் அவர் வேலை. ஊரெல்லாம் தயாராகக் கிடைப்பதை இறக்கிப் போட்டுக்கொள்ளும். இவர் மாட்டார். மனிதர்கள் எழுதிய மூல நிரலைக் கொண்டுவந்து, போர்டின் மூளையான சில்லுக்குப் புரியும் மொழியில் மாற்றி, ஒவ்வொரு துண்டாக அடுக்குவார். மாற்றித் தருவதற்குக் கிராஸ் கம்பைலர் என்று ஒன்று உண்டு. அது இருப்பது மேஜைக் கணினியில், உழைப்பது போர்டுக்காக. புகுந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு பிறந்த வீட்டுக்குச் சமைக்கும் பெண்ணைப் போல.

இவ்வளவு செய்தவர் சும்மா இருந்திருந்தால் கும்பிடலாம். இருக்க முடியவில்லை. தயார்ச் சரக்கை எடுப்பவர்களைக் கண்டால் அவருக்கு எச்சில் இலையைக் கண்டது போல இருக்கும். அதிலும் சகலையைக் கண்டால். மனைவியின் தங்கை கணவன். அதே அலுவலகம், பக்கத்து மேஜை. படுக்கையின் திரையில் தெரியும் படங்களையும் எழுத்துகளையும் பார்த்துக்கொள்பவன்.

"என்ன சகலை, இன்னிக்கு எந்த வீட்டுச் சோறு?" என்று தினமும் கேட்பார்.

"கிடைச்ச வீட்டுதுண்ணே. பசிதான முக்கியம்" என்பான் அவன், தலையைத் தூக்காமலே.

சுத்தக்காரரின் கணினியும் லேசுப்பட்டதல்ல. போர்டில் இருக்கும் சில்லின் இனத்தைச் சேர்ந்த சில்லே அதிலும் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்க வைத்தது. "படுக்கைக்கும் என் மெஷினுக்கும் ஒரே ரத்தம்" என்று பெருமை பேசுவார். அந்தப் பெருமைதான் பின்னால் அவர் குரல்வளையைப் பிடித்தது.

கணினிக்கு வயதாகி, காற்றாடி இருமத் தொடங்கியது. முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா எங்க படுக்கை ஒண்ணும் எந்திரிக்காது. இது நல்லாவா இருக்கு? புது மெஷின் வருது. அதுல யார் கட்டினாலும் வரணும்."

புதிய கணினி கடையில் கிடைக்கும் சாதாரண வகை. சில்லு வேறு இனம். சகலை போய் வாங்கி வந்தான். அந்த வாரக் கடைசியில் மாமனார் வீட்டில் இரண்டு குடும்பமும் சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் வாயைக் கிளறினான்.

"புது மெஷின்ல வந்துடுமாண்ணே?"

சுத்தக்காரர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "கிராஸ் கம்பைலர்னா என்னன்னு தெரியுமா உனக்கு? எந்த மெஷின்ல வச்சுக் கட்டினாலும் ஒரே மாதிரி வரும். வராம போனா, என் நாற்காலியை உனக்குக் குடுத்துட்டு எந்திரிச்சுடறேன். எல்லாரும் சாட்சி."

மாமனார் தண்ணீர் குடித்தார். இரண்டு சகோதரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினைந்து வருடமாக அந்த மனிதரின் இடுப்பு வளைவுக்கு ஏற்ப நசுங்கிய நாற்காலி அது. கட்டும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவருடையது. அதை ஒரு கவளச் சோற்றின் ரோஷத்தில் பந்தயம் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை புதிய கணினியில் கட்டினார்கள். ஒரு முனகலும் இல்லாமல் முடிந்தது. சுத்தக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். போர்டில் ஏற்றி, படுக்கையில் மாட்டினார்கள். திரை ஒளிர்ந்தது. எல்லாம் வரிசையாக உயிர் பெற்றது. பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் அவர் மனைவி, ரிமோட்டை எடுத்து, தலைப்பக்கப் பொத்தானை அழுத்தினாள். படுக்கை பிணம் போலக் கிடந்தது.

மோட்டாரை இயக்கும் நிரல் மட்டும் எழவில்லை. இந்தக் கோப்பின் வடிவம் தவறு, இயக்க முடியாது என்று திரையில் ஒரு வரி.

"மெஷின் சரியில்லை" என்றார் உடனே. "கடைச் சரக்கு. சூடு ஜாஸ்தியா இருக்கு பாரு."

"சூட்டுல ஒரு நிரல் மட்டுமாண்ணே வேகும்?" என்றான் சகலை.

அவனை விரட்டிவிட்டுத் தேடினார். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன நேரத்தில் கண்டுபிடித்தார். மோட்டார் நிரலைக் கட்டும் இடத்தில், கிராஸ் கம்பைலரைக் கூப்பிட வேண்டிய வரியில், வெறுமனே கம்பைலர் என்று எழுதியிருந்தது. அவர் கையால் எழுதியதுதான். வெறுமனே கூப்பிட்டால் ஓடி வருவது கணினியின் சொந்தக் கம்பைலர். அது தன் சில்லுக்குத்தான் தைக்கும். பழைய கணினியும் போர்டும் ஒரே இனம் என்பதால் இத்தனை வருடமும் சட்டை கச்சிதமாக விழுந்தது. வாடிக்கைக்காரனை அளக்காமல் தன் உடம்பை அளந்தே தைத்த தையல்காரர், இருவருக்கும் ஒரே உயரம் என்பதால் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருக்கிறார். கிராஸ் கம்பைலரைப் பற்றி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்தவரின் முக்கியமான நிரல், கிராஸ் கம்பைலரின் முகத்தையே பார்த்ததில்லை.

அவர் கண்கள் கலங்கின. யாருக்காக என்று கேட்டால், தனக்காகத்தான்.

ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். மாற்றினார். அப்படியே சேர்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சூடு தணிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. எந்த மாற்றமானாலும் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்டால்தான் சேரும். சட்டத்தைக் கொண்டுவந்தவர் சுத்தக்காரரே. சகலையை மட்டம் தட்டுவதற்காகவே கொண்டுவந்தார் என்று தேநீர் அறையில் பேச்சு. இப்போது ஒப்புக்கொள்ளத் தெரிந்த இன்னொருவன், அந்தச் சகலைதான்.

காரணம் கேட்ட இடத்தில் 'சின்னத் திருத்தம்' என்று எழுதி அனுப்பினார்.

சகலை சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தான். திருப்பி அனுப்பினான். கூடவே ஒரு வரி: "'சின்னத் திருத்தம்' என்பது காரணம் அல்ல. சோம்பேறியின் கொட்டாவி."

அது சுத்தக்காரரின் வாசகம். எழுத்து மாறாமல் அவரே அவனுக்குப் பலமுறை அனுப்பியது.

"என்ன சகலை, விளையாடறியா?"

"நான் எங்கண்ணே விளையாடறேன்? ஏன் மாத்தினீங்கன்னு புரியலை. புரியாம ஒத்துக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

முதலாளியம்மா வாசலில் வந்து நின்றார். மனைவி படுக்கையருகே ரிமோட்டோடு காத்திருந்தாள். சுத்தக்காரர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு குடும்பத்தின் மானமே தொங்கிக்கொண்டிருந்தது.

"எழுதுங்க" என்றாள் அவள். "எனக்கு இன்னும் நாலு படுக்கை பாக்கி கிடக்கு."

எழுதினார். 'மோட்டார் நிரலுக்குக் கிராஸ் கம்பைலரைப் பயன்படுத்தவில்லை. கணினியின் கம்பைலரையே பயன்படுத்தி வந்திருக்கிறேன். தவறு என்னுடையது.' சகலை படித்தான். ஒரு கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஒப்புக்கொண்டான். மறுபடி கட்டினார்கள். படுக்கை எழுந்தது.

சுத்தக்காரரும் எழுந்தார். மெதுவாக, நாற்காலியின் கையைத் தடவியபடி. யாராவது ஓடி வந்து "வேண்டாம், உட்காருங்க" என்று தடுப்பார்கள் என்று நினைத்தார். தோளில் பையை மாட்ட எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கல்யாணத்தையே முடித்திருக்கலாம். முதலாளியம்மா தொலைபேசியில் பேசப் போய்விட்டார். சகலை நாற்காலியில் உட்கார்ந்து, நெம்புகோலை அழுத்தி உயரத்தைக் குறைத்துக்கொண்டான். அவன் கொஞ்சம் குள்ளம்.

"அப்ப நான் எங்க உட்கார்றது?" என்றார் மனைவியிடம்.

"உட்கார வேண்டாம், படுங்க. மணல் மூட்டை கிழிஞ்சுபோச்சு. சோதனைக்கு எடை வேணும்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. சுத்தமா முதல்லேர்ந்து பாக்கட்டும். செருப்பைக் கழட்டுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். அவள் பொத்தானை அழுத்தினாள். அவர் கட்டிய ஆப்பரேட்டிங் சிஸ்டம், அவரை முதுகில் தாங்கி, நடுக்கமே இல்லாமல் நிமிர்த்தி, சகலையின் பின்னந்தலைக்கு நேர் எதிரே உட்கார வைத்தது.

"நல்லாத்தான் தூக்குது" என்றாள் அவள். "அசையாதீங்க. இன்னொரு தடவை."